ஓரகத்தி பேரில் ஒரு வெப்சைட்

ராஜகனி நான் இல்லை. ஆனால் வீடு சரிதான், உள்ளே வாருங்கள். விருதுநகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருப்பீர்கள், முகமே வாடிவிட்டது. நாற்காலியில் கிடக்கிற துணியைத் தள்ளிவிட்டு உட்காருங்கள். காப்பி போடச் சொல்லியிருக்கிறேன்.

போனில் நீங்கள் 'ராஜகனி அம்மாவா' என்று கேட்டீர்கள். நான் 'ஆமாம், சொல்லுங்கள்' என்றேன். அது பொய்தான். ஆனால் ஏமாற்றச் சொன்ன பொய் இல்லை, தங்கச்சி. ஒரு வருஷமாக அப்படிச் சொல்லிச் சொல்லி நாக்கு பழகிவிட்டது. என் பேர் தங்கபுஷ்பம். ராஜகனி என் ஓரகத்தி, என் கொழுந்தன் மனைவி. அடுத்த தெருவில் இருக்கிறாள். நீங்கள் கேட்ட சாம்பிள்களை எடுத்துக்கொண்டு இப்போது வருவாள். அவள் வந்துவிட்டால் எனக்குப் பேச இடம் கிடைக்காது, அதனால் முன்பே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கடைக்காரர். பேர் ஒன்று, ஆள் ஒன்று என்று இருந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். எனக்கு வரும். எனக்கு எதற்கும் சந்தேகம் வரும். கேஸை அணைத்தேனா என்று தூத்துக்குடி பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்தவள் நான். அணைத்துத்தான் இருந்தது.

இந்தப் புதியம்புத்தூரில் வீட்டுக்கு வீடு தையல் மிஷின்தான், நீங்களே வரும்போது கேட்டிருப்பீர்கள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நானும் ராஜகனியும் இதே ஹாலில் இரண்டு மிஷினைப் போட்டு உள்பாவாடை தைக்க ஆரம்பித்தோம். நான் வெட்டுவேன், அவள் தைப்பாள். என் பேரில் பாதி, அவள் பேரில் பாதி எடுத்து 'புஷ்பகனி' என்று லேபிள் போட்டோம். மதுரை வரைக்கும் போயிற்று. நான் ஏழாம் வகுப்போடு நின்றவள், அவள் பன்னிரண்டு முடித்தவள். அதனால் கடைக்காரர்களோடு பேசுவது அவள், பேசியது சரியில்லை என்று அவளிடம் சொல்வது நான். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு ஒருநாள் எலாஸ்டிக் என்றாள்.

உங்களுக்குத் தெரியாததா. உள்பாவாடை என்றால் நாடா. புடவை மொத்தமும் அந்த நாடாவில்தான் நிற்கிறது. அவள், நாடாவை இறுக்கிக் கட்டி இடுப்பு கறுத்துப் போகிறது என்று எத்தனை பேர் சொல்கிறார்கள் அக்கா, எலாஸ்டிக் வைத்து ஒரு ஐம்பது தைத்துப் பார்ப்போமே என்றாள். கட்டத் தெரியாதவளுக்குத்தான் கறுக்கும் என்றேன். அவளைச் சொன்னதாக எடுத்துக்கொண்டாள். அவளைத்தான் சொன்னேன். ஆனாலும் அப்படி எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு சொல் இன்னொரு சொல்லை இழுத்து, எங்கள் சின்ன மாமனார் சுயம்புலிங்கம் வந்து உட்கார்ந்து பிரித்துவிட வேண்டியதாயிற்று. மிஷின் ஆளுக்குப் பாதி. 'புஷ்பகனி' லேபிளை இனி இரண்டு பேருமே தைக்கக் கூடாது. சரி என்று இரண்டு பேரும் தலையாட்டினோம். அதோடு மூன்று வருஷம் பேச்சில்லை. எங்கள் வீட்டுக்காரர்கள் இரண்டு பேருக்கும் அப்படி ஒன்றும் இல்லை. தினம் காலையில் ஒரே டீக்கடை, ஒரே பெஞ்சு. ஆண்களுக்குக் கோபத்தைக் காப்பாற்றத் தெரியாது.

போன வருஷம் என் மகள் பபிதா சென்னையிலிருந்து வந்தாள். கம்ப்யூட்டர் வேலை. அம்மா, ஊரில் எல்லாரும் வெப்சைட் வைத்துவிட்டார்கள், நீயும் வைத்துக்கொள் என்றாள். எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும் என்றேன். உனக்குத் தெரிய வேண்டாம், ஏஜெண்ட் பார்த்துக்கொள்ளும் என்று என் போனில் ஒன்றைப் போட்டுக்கொடுத்தாள். ஆள் கிடையாது, ஏஐ. நாம் பேசினால் பேசும். ஒரு வேலையைச் சொல்லிவிட்டால் தானே போய்ச் செய்துகொண்டு வரும்.

வெப்சைட்டுக்கு முதலில் ஒரு பேர் வேண்டுமாம். உலகத்தில் ஒரு பேர் ஒருவருக்குத்தானாம். அந்தப் பேர் காலியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கருவி இருக்கிறது. நம்மை மாதிரி மனுஷர்களுக்குச் செய்தது இல்லை, இந்த ஏஜெண்டுகளுக்கென்றே செய்தது. நாம் ஏஜெண்டைக் கேட்டால், ஏஜெண்ட் அந்தக் கருவியைக் கேட்கும். கண்ணை மூடித் திறக்கிறதற்குள் பதில் வரும். எடுத்தாயிற்றா இல்லையா, எடுத்திருந்தால் எந்தத் தேதியில், எந்தத் தேதி வரைக்கும் என்று எல்லாம் சொல்லும். எடுத்தது யார் என்பதை மட்டும் சொல்லாது. வேண்டுமென்றால் அதை மறைத்துக்கொள்ளலாமாம்.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே வேறு யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டால்? பபிதா சிரித்தாள். "சில மோசமான இடத்துல நாம பேரைப் பாக்குறதைப் பாத்துட்டு எடுத்துருவாங்கன்னு சொல்லுவாங்கம்மா. இது அப்படி இல்ல" என்றாள். இரண்டாவது வார்த்தை என் காதில் ஏறவில்லை. முதல் வார்த்தையே போதுமென்று ஆகிவிட்டது.

ஏஜெண்டிடம், அம்மாவுக்கு மனதுக்குப் பிடித்த பேர் ஒன்றைக் கேட்டு முடிவு செய்துகொள், அம்மா சரி என்றதும் வாங்கிவிடு, பணம் போட்டு வைத்திருக்கிறேன், ஒரே ஒரு பேர்தான் என்று சொல்லிவிட்டு அவள் ரயில் ஏறிவிட்டாள்.

எனக்கு வேண்டியது 'புஷ்பகனி'.

அப்படிப் பார்க்காதீர்கள். தைக்கக் கூடாது என்றுதான் பேச்சு. வெப்சைட் வைக்கக் கூடாது என்று சின்ன மாமனார் சொல்லவில்லை. அது விற்ற பேர். மதுரை வரைக்கும் தெரிந்த பேர். அதற்காகத்தான் கேட்டேன், வேறு ஒன்றும் இல்லை. அந்தப் பேர் கைவிட்டுப் போய்விடுமோ என்று மூன்று வருஷமாக எனக்கு ஒரு பதைப்பு இருந்தது உண்மைதான். ஆனால் அது வியாபாரப் பதைப்பு.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். துணிக்கடையில் நிற்கிறீர்கள், ஒரு புடவை கண்ணில் விழுந்துவிட்டது. நேரே போய் அதைத் தொடுவீர்களா? தொட்டால் கெட்டோம். பக்கத்துப் புடவையை எடுக்கச் சொல்லி, விரித்து, ஆகா என்று சொல்லி, பிறகு போகிறபோக்கில் 'அது என்ன விலை' என்று கேட்க வேண்டும். இந்த வீட்டு மனையை என் மாமனார் அப்படித்தான் வாங்கினார். பின்னால் இருக்கிற மனையை நான்கு நாள் அளந்தார், வாஸ்து பார்த்தார், முடித்துவிடலாம் என்று புரோக்கரிடம் சொல்லிவிட்டு எழுந்து போனார். புரோக்கரும் லேசுப்பட்டவர் இல்லை. வெற்றிலை பாக்கு மாற்றுகிற வரைக்கும் வாய்ப்பேச்சு வெறும் பேச்சுதான் என்று அவருக்கும் தெரியும். ஐந்தாம் நாள் அவரே வந்து இந்த மனையைக் காட்டினார். வாங்குகிறவர், விற்கிறவர், நடுவில் நிற்கிறவர், மூன்று பேருக்கும் தெரிந்த முறை இது.

ஏஜெண்டிடம் நான் அந்த முறைப்படிதான் நடந்துகொண்டேன். புஷ்பகனி என்று வாயே திறக்கவில்லை. எனக்கு வேண்டவே வேண்டாத ஒரு பேரைச் சொல்லி விசாரிக்க வேண்டும். யோசித்தேன். வாயில் வந்தது ராஜகனி.

வேறு எந்தப் பேரும் வரவில்லை, தங்கச்சி. ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

ராஜகனி இருக்கா என்று கேட்டேன். உடனே பதில். "ராஜகனி இன்ஸ்கர்ட்ஸ் டாட் காம் கிடைக்கிறது. பதிவு செய்யட்டுமா?" பேப்பரில் எழுதியதை வாசிக்கிற மாதிரிதான் பேசும். அவசரமில்லை என்றேன். மறுநாள் காலையில் மறுபடி. அது இன்னும் இருக்கா? இருக்கிறது. மத்தியானம் சோறு வடிக்கும்போது ஒருதரம். அதற்கு டாட் இன் என்று வேறு ஒன்று உண்டாமே, அது? அதுவும் இருக்கிறது. பேர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நானே அதற்குப் புகழ்ந்து சொன்னேன். கூப்பிடக் கூப்பிட வாய்க்கு இதமான பேர், பதினைந்து வருஷமாகக் கூப்பிட்டிருக்கிறேன், ஒருதரம்கூடச் சலித்ததில்லை என்றேன். புரோக்கரிடம் அப்படித்தான் கொஞ்சம் கூட்டிச் சொல்வது.

நடுவில் ஒருநாள், மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே, முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, 'புஷ்பகனின்னு ஒண்ணு இருக்கே, சும்மாதான் கேக்கேன்' என்றேன். கிடைக்கிறது, பதிவு செய்யட்டுமா என்றது. "வேண்டாம் வேண்டாம், அது யாருக்கு வேணும்" என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு கவனமாக இருந்தேன்.

பத்தாம் நாள் சாயங்காலம் அதுவே பேச்சை எடுத்தது. "நீங்கள் ராஜகனி என்ற பெயரைப் பற்றி இதுவரை முப்பத்தெட்டு முறை கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு மிகவும் பிடித்த பெயர் இதுவே என்று தெரிகிறது. இதையே பதிவு செய்துவிடட்டுமா?"

எனக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. பின் மனை அளவுக்கு வந்தாயிற்று, இனி முன் மனைதான். "தாராளமா செய். இதைவிடப் பொருத்தமான பேர் எனக்கு எங்க கிடைக்கப் போகுது" என்று சொல்லிவிட்டு, போனை மேஜையில் வைத்துவிட்டு, எழுந்து அடுப்படிக்குப் போனேன். அப்படி எழுந்து போக வேண்டும். அப்போதுதான் பின்னாலேயே வருவார்கள், அம்மா, இதைவிட நல்லது ஒன்று இருக்கிறது என்று.

திரும்பி வந்தேன். "வாழ்த்துகள். ராஜகனி இன்ஸ்கர்ட்ஸ் டாட் காம் உங்களுக்குப் பதிவாகிவிட்டது" என்றது.

நான் பேச்சுக்குச் சொன்னேன் என்றேன். புரிகிறது, ஆனால் பதிவு முடிந்துவிட்டது என்றது. வெற்றிலை பாக்கு மாற்றவில்லையே என்றேன். அதைப் பற்றி எனக்குத் தகவல் இல்லை என்றது. பபிதாவைக் கூப்பிட்டேன். அவள் ஆபீஸில் இருந்துகொண்டு முதலில் சிரித்தாள், பிறகு, யார் பேர் என்று சொன்னதும் சிரிப்பை நிறுத்தினாள். "ஏம்மா, சித்தி பேரையா வாங்கி வச்சிருக்க?" என்றாள். திருப்பிக் கொடுக்க முடியாதாம். ஒரு வருஷத்துக்கு எடுத்தால் ஒரு வருஷம் இருக்குமாம்.

சரி, போனது போகட்டும், என் கைப்பணத்தைப் போட்டாவது புஷ்பகனியை எடுத்துவிடுவோம் என்று ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு யோசித்து, விடிந்ததும் முறையெல்லாம் விட்டுவிட்டு நேராகவே கேட்டேன். கிடைக்கவில்லை என்றது. நேற்று இரவு எட்டு நாற்பதுக்குப் பதிவாகியிருக்கிறது. யார் எடுத்தது? உரிமையாளர் விவரம் மறைக்கப்பட்டுள்ளது.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. நேற்று வரைக்கும் சும்மா கிடந்த பேர். பத்து நாள் நான் அந்தப் பக்கமே பார்க்காத மாதிரி இருந்தும் எவனோ மோப்பம் பிடித்துவிட்டான். பேர் போனால் போகட்டும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அவருக்கு என்ன தெரியும். இந்த வீட்டில் அந்தப் பேர் ஒன்றுதான் பாக்கி இருந்தது.

பபிதாதான் பிடிவாதமாக, வாங்கியதை வீணாக்க வேண்டாம் என்று அந்த ராஜகனி பேரிலேயே வெப்சைட்டைப் போட்டுவிட்டாள். பாவாடைப் படம், என் போன் நம்பர், நம் வீட்டு வாசல் படம் எல்லாம் போட்டாள். ஒரு வாரத்தில் முதல் போன். ராஜகனி அம்மாவா? இல்லை என்று வைத்துவிட்டேன். இரண்டாவது போன், கோவில்பட்டியிலிருந்து, பத்து டஜன். ராஜகனி அம்மாவா? ...ஆமாம் என்றேன். என்ன செய்யச் சொல்கிறீர்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வாசலில் செருப்புச் சத்தம். மூன்று வருஷத்துக்குப் பிறகும் அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்தது. இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பாள். ராஜகனி. முகம் செக்கச்செவேல் என்று, சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு, சண்டைக்கு வருகிற மாதிரி நின்றாள். வா, உட்கார், காப்பி குடி, இளைத்துவிட்டாயே, கால் வலி எப்படி இருக்கிறது என்று அவள் வாயைத் திறப்பதற்குள் ஏழெட்டு கேட்டுவிட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சேலையை இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். காப்பியைக் குடித்தாள். குடித்து முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, என் பேரை யாரோ களவாண்டுட்டாங்க."

அவளும் வெப்சைட் வைக்கப் பார்த்தாளாம். அவள் போனிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. அவள் பார்த்த அன்றைக்குச் சாயங்காலம்தான் அவள் பேரை யாரோ எடுத்திருந்தார்களாம். எவன் எடுத்தான், எதற்கு எடுத்தான், ஒன்றும் தெரியவில்லை அக்கா என்று என் முகத்தையே பார்த்துச் சொன்னாள். பாவம், அவளுக்கு எப்படித் தெரியும். உரிமையாளர் விவரம்தான் மறைத்திருக்கிறதே.

என்ன காட்டுகிறீர்கள்? உங்கள் போனில் அந்த வெப்சைட்டா? என் நம்பர்தான், தெரிகிறது. பின்னே, ஆர்டர் கொடுக்கிறவர்கள் எப்படிக் கூப்பிடுவார்கள்? அது வாங்குகிறவர்களுக்குப் போட்டது, தங்கச்சி. அவளுக்குப் போட்டது இல்லை.

சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் மூன்று வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்திருக்கிறாள். சொன்னால் எழுந்து போய்விடுவாள். இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று, "எந்தப் படுபாவி செஞ்ச வேலையோ" என்றேன். "வெளங்குவானா அக்கா?" என்றாள். "எப்படி வெளங்குவான்" என்றேன். என்னை நானே வைதுகொண்டேன், வாய் கூசவில்லை. பிறகு என் பங்குக்கு, புஷ்பகனியையும் எவனோ எடுத்துவிட்டான் என்று அவளிடம் சொன்னேன். அவன் கை முடங்கிப் போக என்றேன். அவள் கப்பைக் கீழே வைத்துவிட்டு, "அப்படிச் சொல்லாதீங்க அக்கா. பிள்ளைகுட்டி உள்ளவங்களா இருக்கும்" என்றாள். இளகின மனசு. என்னை மாதிரி இல்லை.

அதிலிருந்து செவ்வாய், வெள்ளி வந்துவிடுவாள். வந்தால் களவாணியைப் பற்றித்தான் பேச்சு. சில நாள் களவாணிக்கு யோசனையும் சொல்வாள். "அந்த வெப்சைட்டைப் பாத்தேன் அக்கா. மஞ்சப் பாவாடையைத் தலைகீழா மாட்டிப் படம் எடுத்து வச்சிருக்கு. யாராச்சும் சொல்லக் கூடாதா" என்பாள். அவள் போனதும் நான் பபிதாவைக் கூப்பிட்டு மாற்றிவிடுவேன். வெள்ளிக்கிழமை வந்து, "பரவாயில்ல, களவாணிக்குக் கொஞ்சம் புத்தி வந்திருக்கு" என்பாள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருக்கும், இவளுக்கு ஒன்றுமே தெரியவில்லையே என்று. ஒருநாள், எலாஸ்டிக்கும் போட்டிருந்தால் இன்னும் ஓடும் என்றாள். அது மட்டும் நடக்காது என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். ஆனால் போன் பண்ணுகிறவர்களில் பாதிப் பேர் எலாஸ்டிக் உண்டா என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். போட்டேன். என்ன செய்ய.

போட்டாயிற்று, தைக்கிறது யார்? என் வீட்டில் எலாஸ்டிக் ஏறாது, அது என் கொள்கை. ஊரில் எலாஸ்டிக் நன்றாகத் தைப்பது ராஜகனிதான். அதனால் அவளிடமே, பம்பாயில் இருக்கிற என் சித்தி மகளுக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். முதலில் இருபது. பிறகு நூறு. ஆவணி மாதம் நானூறு. ஒரு சித்தி மகளுக்கு நானூறு உள்பாவாடை. ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சித்தி மகளுக்கு எல்லா சைஸும் வேணுமா அக்கா?" என்று மட்டும் கேட்டாள். அவ்வளவு வெகுளி.

இப்படியே ஒரு வருஷம் ஓடிவிட்டது. போன மாதம் ஏஜெண்ட் நினைவுபடுத்தியது. வருகிற வெள்ளியோடு பேர் முடிகிறது, புதுப்பிக்கவா, விட்டுவிடவா? நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மறுநாளும் அதையேதான் சொன்னேன்.

அப்போதுதான் எனக்குத் தூக்கம் போயிற்று. ராஜகனியும் தேதியைத் தெரிந்து வைத்திருந்தாள். அந்தக் கருவிதான் தேதி சொல்லுமே. அன்றைக்குக் களவாணி மறந்துவிட்டால் போதும் அக்கா, என் பேர் எனக்கு வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் விட்டுவிட்டால் அவள் பேர் அவளுக்குக் கிடைக்கும். கிடைத்துவிட்டால் செவ்வாய், வெள்ளி அவளுக்கு இங்கே என்ன வேலை? களவாணி இல்லை, பேச்சு இல்லை. புதுப்பித்தால் அவள் இன்னும் ஒரு வருஷம் வருவாள். ஆனால் நான் இன்னும் ஒரு வருஷம் திருடி. ஒரு பக்கம் நியாயம், ஒரு பக்கம் அவள். கடைசியில் வியாழக்கிழமை முடிவு செய்துவிட்டேன். விட்டுவிடுவது. ஒருத்தி பேரை இன்னொருத்தி வைத்துக்கொண்டிருப்பது பாவம். காலையில் ஏஜெண்டிடம் சொல்லிவிட வேண்டியது.

வெள்ளிக்கிழமை காலையில் சொல்லவில்லை. துணி வெட்ட வேண்டியிருந்தது. மத்தியானமும் சொல்லவில்லை. நாலு மணிக்குப் போனைக் கையில் எடுத்து, தொண்டையைச் செருமி, விட்டுவிடு என்று சொல்வதற்கு வாயைத் திறக்கிறேன், வாசலில் ராஜகனி. உள்ளேகூட வரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள்.

"அக்கா, என் பேருக்கு இன்னும் பணம் கட்டலையா? நான் உங்களுக்காக நேத்தே கட்டிட்டேனே."

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. எனக்காக எதற்கு என்று கேட்டேன்.

"புஷ்பகனிக்கு."

அவள்தான். போன வருஷம் அன்றைக்குச் சாயங்காலம் தன் பேர் போனதைப் பார்த்ததும் பதறிப்போய், இனி நம் இரண்டு பேர் பேரையும் எவனாவது தூக்குவான் என்று, அன்றைக்கே உட்கார்ந்து அதை எடுத்து வைத்துவிட்டாளாம். எடுத்து ஒன்றும் செய்யவில்லை. சும்மா வைத்திருக்கிறாள், பீரோவில் நகையை வைக்கிற மாதிரி.

பிறகு சண்டை பிடித்தது பாருங்கள். வெப்சைட் என்றாலும் லேபிள் லேபிள்தானே, இரண்டு பேரும் போடக் கூடாது என்று பெரியவர் சொல்லியிருக்கும்போது நீ எப்படி எடுக்கலாம் என்றேன் நான். என் பேரை என்னைக் கேட்காமல் நீங்கள் எப்படி எடுக்கலாம் என்றாள் அவள். நான் பேச்சுக்குச் சொன்னேன், அது எடுத்துவிட்டது என்றேன். ஒரு வருஷமாக என் காப்பியைக் குடித்துக்கொண்டே என்னை வைதிருக்கிறாயே என்றேன். நீங்களும் கூடச் சேர்ந்துதானே வைதீர்கள் என்றாள். என் கை முடங்கிப் போக என்று சொன்னது யார் என்றாள். பம்பாய்ச் சித்தி மகள் வந்தாள். நாடா வந்தது. எலாஸ்டிக் வந்தது. கட்டத் தெரியாதவள் என்று நான்கு வருஷத்துக்கு முன்னால் சொன்னதும் வந்தது. மூன்று வருஷம் பேசாமல் விட்டதையெல்லாம் ஒரு மணி நேரத்தில் பேசித் தீர்த்தோம். பக்கத்து வீட்டில் மிஷினை நிறுத்திவிட்டு வந்து எட்டிப்பார்த்தார்கள்.

அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் இன்னும் கேட்கவில்லை. அந்தக் கருவிதான் சொல்லியிருக்கும். வேறு எப்படி?

நடுவில் மேஜையிலிருந்து ஏஜெண்ட் குரல். நாங்கள் போட்ட சத்தத்தில் அதைக் கூப்பிட்டோம் என்று நினைத்துக்கொண்டதோ என்னவோ. "மன்னிக்கவும். ராஜகனி இன்ஸ்கர்ட்ஸ் டாட் காம் இன்றோடு முடிகிறது. புதுப்பிக்கவா, விட்டுவிடவா?"

இரண்டு பேரும் வாயை மூடினோம்.

உன் பேர், நீயே எடுத்துக்கொள், உன் பேருக்கே மாற்றித் தரச் சொல்கிறேன் என்றேன். அழுகை வரப் பார்த்தது, இருமுகிற மாதிரி இருமிக்கொண்டேன். அவள் உள்ளே வந்தாள். எப்போதும் உட்கார்கிற இடத்தில், இதோ இந்த மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இங்கனயே கெடக்கட்டும் அக்கா. நான் வந்து வந்து பாத்துக்கிடுதேன்."

ஏஜெண்ட் விடாமல், எத்தனை ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும் என்று கேட்டது. நான் ஒன்று என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள், போனுக்குப் பக்கத்தில் குனிந்து, கடைக்காரர்களிடம் பேசுவாளே, அந்தக் குரலில், "பத்து" என்றாள்.

சரி என்று அது பதிந்துவிட்டது. இந்தத் தடவை நான் பேச்சுக்கு என்று சொல்லவில்லை.

அதோ, செருப்புச் சத்தம் கேட்கிறதா? அவள்தான். வந்ததும் உங்களிடம் நான் வெட்டுகிற அளவில் குறை சொல்வாள், காதில் வாங்காதீர்கள். காப்பியைக் குடியுங்கள், ஆறிவிடும். பத்து வருஷமாம், தங்கச்சி. அவளோடு. யாரால் முடியும், நீங்களே சொல்லுங்கள்.